இரவில் அணைத்த சுவிட்ச்

அந்த டிவியில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. வழக்கை எடுத்த அன்றே அது எனக்குத் தெரியும். எதிர்தரப்பு வக்கீலுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அதை வாங்கியவர் ஏமாற்றப்பட்டிருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. குறையில்லாத பொருளை விற்றவர் மேல் எப்படி வழக்குப் போடுவது? புனே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நான் நடத்தியவற்றில் தொகையால் பெரிய வழக்குகள் பல உண்டு. ஆனால் சட்டத்தை வரி வரியாகத் திரும்பப் படிக்க வைத்தது இந்த டிவி வழக்குதான்.

முறையீட்டாளர் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம். தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ராஸ்தா பேட்டில் வீடு. பிள்ளைகள் வெளியூரில். மனைவிக்கு முழங்கால் தேய்ந்து, வீட்டுக்குள் நடப்பதே சிரமம் என்று ஆகிவிட்டது. காலையில் காபி போடும்போது தமிழ்ச் செய்திச் சானலைப் போட்டால் இரவு படுக்கப் போகும்போதுதான் நிறுத்துவார்கள். "பார்க்கறோமோ இல்லையோ, வீட்ல ஒரு தமிழ்க் குரல் கேட்டுக்கிட்டே இருக்கணும் தம்பி. இல்லேன்னா இவ சோர்ந்து போயிடறா" என்றார் பெரியவர். ஊரை விட்டு வந்து வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2021 தசரா அன்று லட்சுமி ரோட்டில் ஒரு ஷோரூமில் 55 அங்குல ஓஎல்இடி டிவி வாங்கினார்கள். விலை 1,24,990 ரூபாய். கூடுதல் பணம் கட்டி வாரண்டியை மூன்று வருடமாக நீட்டிக்கொண்டார்கள். 2023 கோடையில் ஒரு நாள் பழைய படம் ஒன்றைப் போட்டபோது, வானத்தின் குறுக்கே கீழ்ப்பக்கம் ஒரு மங்கிய பட்டை தெரிந்தது. மேலே வலது மூலையில் செய்திச் சானலின் சின்னம் நிழலாக நின்றது. எந்தச் சானலுக்கு மாற்றினாலும் இரண்டும் போகவில்லை. சர்வீஸ் ஆள் வந்தார். டிவியின் உள்மெனுவைத் திறந்து அது ஓடிய நேரத்தைப் பார்த்து ஜாப் ஷீட்டில் குறித்தார்: 8,700 மணி நேரத்துக்கு மேல். அதற்குக் கீழே, "படம் பதிந்துள்ளது, பயன்பாட்டினால் வந்தது, வாரண்டியில் வராது, பேனல் மாற்றச் சுமார் 80,000 ரூபாய்" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இது ஏன் நடந்தது என்பதை நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கடைகளில் எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி என்று எத்தனை பெயர் எழுதியிருந்தாலும் அவற்றின் அடிப்படை ஒன்றுதான். முன்னால் திரவப் படிகத் திரை (எல்சிடி), பின்னால் ஒரு விளக்கு. பழைய எல்சிடி டிவியில் அந்தப் பின்விளக்கு மெல்லிய குழல்விளக்காக இருந்தது. பிறகு அந்த இடத்தில் எல்இடி வந்ததும் டிவிக்கே 'எல்இடி டிவி' என்று பெயர் வைத்து விற்றார்கள். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2009-லேயே சாம்சங்கின் அப்படியொரு விளம்பரத்தை எதிர்த்து வந்த புகாரை ஏற்றது. திரையே எல்இடியால் ஆனது என்று வாங்குபவர் நினைத்துவிடுவார், பின்விளக்கு மட்டும்தான் எல்இடி என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே அந்த முடிவின் சாரம். க்யூஎல்இடியில் அந்தப் பின்விளக்குக்கும் திரைக்கும் இடையே குவாண்டம் புள்ளிகள் பூசிய ஒரு தாள் இருக்கும். நீல ஒளியை அது தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருகிறது. 2023-ன் வேதியியல் நோபல் பரிசு பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் இந்தப் புள்ளிகளுக்காகவே கிடைத்தது. மினி எல்இடி என்றால் பின்விளக்கு மிகச் சிறிய பல விளக்குகளாகப் பிரிந்து, பகுதி பகுதியாகக் கூடிக் குறையும்.

ஓஎல்இடி இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. இதில் பின்விளக்கே கிடையாது. 1987-ல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. கரிமப் பொருளால் ஆன ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுகிறது. அணைந்த புள்ளி உண்மையிலேயே கறுப்பு. இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு அந்தக் கறுப்பு பெரிய விருந்து. ஆனால் அந்தப் பொருள் எரிய எரியத் தேயும். திரை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் செய்தி ஓடும் சிவப்புப் பட்டை நாளெல்லாம் எரிந்தால் அந்த இடம் மட்டும் முந்தித் தேய்ந்துபோகும். எல்சிடி வகையில் இந்தத் தொல்லை நிலையாக வருவது அரிது.

இதைத் தடுக்க டிவிக்குள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு. சில மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், திரை இருண்டிருக்கும்போதே உள்ளே ஒரு வேலை நடக்கும். எந்தப் புள்ளி எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து டிவி தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும். சுவரில் சுவிட்ச் போட்டபடி இருக்க வேண்டும்.

இதைப் படித்த அன்று மாலையே பெரியவர் வீட்டுக்குப் போனேன். ராத்திரி டிவியை எப்படி அணைப்பீர்கள் என்று கேட்டேன். "ரிமோட்ல அணைச்சுட்டு, சுவிட்சையும் அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிடுவேன். ஃபேக்டரில முப்பது வருஷப் பழக்கம். மெஷின் ஓடலேன்னா மெயின் ஆஃப்ல இருக்கணும்" என்றார் பெருமையோடு. டிவியை மாட்டிக் கொடுத்து டெமோ காட்ட வந்தவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு அம்மா உள்ளிருந்தே பதில் சொன்னார்: "இடி மின்னல் நேரம், ராத்திரி பிளக்கை எடுத்துடுங்கன்னு அந்தப் பையன்தான் சொன்னான்." அந்த டிவி தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த வீட்டில் ஒரு இரவுகூட வாய்ப்பே கிடைக்கவில்லை. தப்பு செய்ததாகச் சொல்லி வாரண்டி மறுக்கப்பட்ட மனிதர், தனக்குத் தெரிந்தவரை மிகப் பொறுப்பாகவே நடந்திருக்கிறார். எனக்கு அன்று வந்த கோபம் வழக்கு முடியும்வரை தணியவில்லை.

வழக்குக்கு உயிர் கொடுத்த ஆவணம் சிட்னியில் இருந்த மகனின் போனில் கிடைத்தது. வாங்குவதற்கு முந்தின வாரம், கடையில் அப்பாவுக்கு டிவி காட்டியவருக்கு அவர் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார்: அப்பா அம்மா நாள் முழுக்கச் செய்திச் சானல் பார்ப்பவர்கள், இரண்டு மாடல்களில் அவர்களுக்கு எது சரி? ஒன்று ஓஎல்இடி, இன்னொன்று அதில் பாதிக்கும் சற்று மேலான விலையில் சாதாரண எல்இடி. கண்ணை மூடிக்கொண்டு ஓஎல்இடி எடுங்கள், பெரியவர்கள் கண்ணுக்கு அதுதான் நல்லது என்று பதில் வந்திருந்தது. அந்தப் பதிலை அனுப்பியவர் கடையின் ஊழியரே அல்ல. பெரிய ஷோரூம்களில் ஒவ்வொரு பிராண்டும் தன் ஆளைத் தன் சட்டையைப் போட்டு நிறுத்தியிருக்கும். அவர்களைப் புரமோட்டர் என்பார்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் ஊக்கத்தொகை உண்டு. வாங்க வருகிறவருக்கு அவர் கடைக்காரராகவே தெரிவார், நடுநிலையாக ஒப்பிட்டுச் சொல்கிறார் என்று நம்புவார். எங்கள் புரமோட்டர் தன் விசிட்டிங் கார்டையும் அதே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதில் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் இருந்தது.

புகாரை எந்தப் பிரிவில் நிறுத்துவது என்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதுமான அளவு தராவிட்டால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது பிரிவு 84. படித்ததும் நம் வழக்குக்கென்றே எழுதியது போலத் தோன்றும். ஆனால் அந்த அத்தியாயம் பேசுகிற தீங்கு எது என்பதைப் பிரிவு 2(22) வரையறுக்கிறது. பொருளுக்கே நேர்ந்த சேதம் அதில் வராது. டிவி வெடித்து ஆளுக்குக் காயம் பட்டால் வரும், டிவி மட்டும் பாழானால் வராது. அந்த வழி அடைபட்டது. தயாரிப்புக் குறை என்று போனால் சோதனைக்கூட அறிக்கை கேட்பார்கள், அதில் தோற்போம். மிஞ்சியது பிரிவு 2(11). 2019-ல் சேவைக் குறைபாட்டின் வரையறையிலேயே ஒரு துணைவிதியைச் சேர்த்தார்கள்: தேவையான தகவலை நுகர்வோரிடம் வேண்டுமென்றே சொல்லாமல் விடுவதும் சேவைக் குறைபாடே. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் பிரிவு 2(28) தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. தகவல் பெறும் உரிமை பிரிவு 2(9)-இல் தெளிவாக இருக்கிறது. 1974-ல் பிந்துமாதவ் ஜோஷி கிராஹக் பஞ்சாயத்து என்ற நுகர்வோர் அமைப்பைத் தொடங்கியது இந்த ஊரில்தான். வாங்குகிறவனுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று பேசிய ஊரில் அந்த உரிமையைக் கேட்டு நிற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் எதுவும் இல்லை. கடையையும் தயாரிப்பாளரையும் எதிர்தரப்பாகச் சேர்த்தேன். வாட்ஸ்அப் பதிவுகளுக்கு, அப்போது நடப்பிலிருந்த சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழை மகனிடமிருந்து வாங்கி இணைத்தேன். நுகர்வோர் ஆணையத்தில் அந்தச் சட்டம் அவ்வளவு கறாராகப் பார்க்கப்பட்டதில்லை என்றாலும், மின்னணுச் சாட்சியைச் சான்றிதழ் இல்லாமல் நான் எங்கும் தாக்கல் செய்வதில்லை.

பிரமாணப் பத்திரம் தயாரிக்கும்போது பெரியவர் தயங்கினார். "நாள் முழுக்கப் பார்த்தேன்னு நாமே எழுதிக் கொடுத்தா கேஸ் போயிடாதா தம்பி? தினம் நாலு மணி நேரம்னு போட்டுக்கலாமே."

"ஐயா, நீங்க நாள் முழுக்கப் பார்த்தீங்கங்கறதுதான் நம்ம கேஸே. அது அவங்களுக்கு முன்னாடியே தெரியும்கிறதுதான் நம்ம கேஸ்" என்றேன். எழுதியபடியே கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் போன பிறகு தயாரிப்பு நிறுவனம் 30 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்தது. கடைக்காரர் இரண்டு மாதம் கழித்து வந்தார். நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஹில்லி மல்டிபர்ப்பஸ் கோல்ட் ஸ்டோரேஜ் வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பதிலுரைக்கான கெடு பற்றிய சர்ச்சையை முடித்து வைத்துவிட்டது: 30 நாள், மேலும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. கடையின் பதிலுரை ஏற்கப்படவில்லை. அதனால் கடையில் நடந்த பேச்சு மறுக்கப்படாமலே நின்றது.

நிறுவனத்தின் வக்கீல் இளையவர், நன்றாகத் தயாரித்து வந்திருந்தார். அவருடைய வாதம் மூன்று. கையேட்டில் நிலையான படத்தைத் தவிர்க்கும்படி எழுதியிருக்கிறது. வாரண்டி அட்டையில் இந்த விலக்கு அச்சாகியிருக்கிறது. மாருதி உத்யோக் எதிர் சுஷில் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, குறை இருந்தாலும் பாகத்தைத்தான் மாற்ற வேண்டுமே தவிர முழுப் பொருளையும் அல்ல, இங்கே குறையே நிரூபிக்கப்படவில்லை.

முதல் இரண்டு வாதங்களுக்கும் என் பதில் ஒன்றுதான். கையேடும் வாரண்டி அட்டையும் சீல் வைத்த பெட்டிக்குள் இருந்தன. பணம் கட்டி, வண்டியில் ஏற்றி, வீட்டில் பிரித்த பிறகுதான் அவை கைக்கு வரும். தேர்ந்தெடுத்து முடித்த பிறகு வரும் தகவல் தேர்ந்தெடுக்க உதவாது. இந்தத் தேய்மானம் வணிகத்துக்குப் புதிய செய்தியும் இல்லை. பழைய குழாய்த் திரைகளில் எழுத்துப் பதிந்தது, அதற்காகவே கணினிகளில் ஸ்கிரீன் சேவர் வந்தது. பிளாஸ்மா டிவியிலும் இதே தொல்லை இருந்தது. தலைமுறைகளாகத் தெரிந்த ஒன்றை, 'நாள் முழுக்கச் செய்தி' என்று எழுத்தில் சொல்லிக் கேட்டவரிடம் சொல்லாமல் விட்டதை மறதி என்று எப்படி ஏற்பது? மூன்றாவது வாதத்துக்கு, நாங்கள் தயாரிப்புக் குறையைக் குற்றச்சாட்டாகவே வைக்கவில்லை என்பதைச் சுட்டினேன்.

பெயர்களே வாங்குபவரை எப்படிக் குழப்புகின்றன என்று காட்ட, பிரிட்டனின் 2009 முடிவோடு கொரியாவின் தகராறையும் எடுத்துச் சொன்னேன். 2019 செப்டம்பரில் எல்ஜி, சாம்சங்கின் க்யூஎல்இடி என்ற பெயர் மக்களைத் தவறாக எண்ண வைக்கிறது என்று கொரிய நியாய வணிக ஆணையத்தில் புகார் கொடுத்தது. எல்ஜியின் விளம்பரங்கள் தன்னை இழிவுபடுத்துகின்றன என்று சாம்சங் பதிலுக்குப் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் இரண்டும் புகார்களைத் திரும்பப் பெற்றன. இவை நம் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக உலகின் மிகப் பெரிய இரண்டு டிவி நிறுவனங்களே சண்டை போட்டிருக்கும்போது, ராஸ்தா பேட்டில் ஒரு ஓய்வூதியர் அதைத் தானாகவே புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்டேன்.

உறுப்பினர் ஒருவர் எதிர்தரப்பு வக்கீலிடம் மராத்தியில் ஒரே கேள்வி கேட்டார். பணம் கட்டுவதற்கு முன் இவர் கையில் இருந்த காகிதம் எது, அதில் இந்த எச்சரிக்கை எந்த வரியில் இருக்கிறது? வக்கீல் விளம்பரத் துண்டறிக்கையைப் புரட்டினார். அதில் அப்படியொரு வரி இல்லை. பிறகு டெமோ ஜாப் ஷீட்டைக் கேட்டார்கள். 'விளக்கம் அளிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் மட்டும் இருந்தது. பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்று சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை.

2025 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. தயாரிப்புக் குறை நிரூபிக்கப்படவில்லை என்று ஆணையம் தெளிவாக எழுதியது. வாங்குபவரின் பயன்பாடு தெரிந்த பிறகும் அதற்குப் பொருந்தாத தன்மையைச் சொல்லாமல் விட்டது பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு என்றது. புரமோட்டரின் பேச்சுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்றது. இரண்டு எதிர்தரப்பினரும் சேர்ந்தோ தனித்தோ, பயன்படுத்திய காலத்துக்குக் கழித்து, விலையில் 60 சதவீதத்தை 6 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். மன உளைச்சலுக்கு 10,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாய். மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு, தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். யாரும் போகவில்லை. பணம் வந்தது. முழு விலையும் கிடைக்கவில்லையே என்று மகனுக்கு வருத்தம். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிய டிவிக்கு இது சரியான கணக்கு என்றே நான் நினைக்கிறேன்.

"அடுத்து எந்தக் கம்பெனி வாங்கலாம் தம்பி?" என்று பெரியவர் கேட்டார். டயனோரா, சாலிடேர் காலத்திலிருந்து நம் வீடுகளில் முதல் கேள்வி இதுதான். அன்று பெயருக்கும் தொழிற்சாலைக்கும் நேர்த் தொடர்பு இருந்தது. இன்று அப்படியில்லை. தோஷிபா டிவி தொழில் சீனாவின் ஹைசென்ஸ் கையில் இருக்கிறது. ஷார்ப் 2016-ல் தைவானின் ஃபாக்ஸ்கானுக்குப் போனது. பிலிப்ஸ் டிவிகள் டிபி விஷன் என்ற வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. கோடாக், தாம்சன் பெயர்களில் இந்தியாவில் டிவி விற்பது உரிமம் பெற்ற ஒரு நொய்டா நிறுவனம். சாம்சங்கின் திரைப் பிரிவு 2022-ல் எல்சிடி பேனல் செய்வதையே நிறுத்திவிட்டது. இன்று எல்சிடி பேனல்களில் பெரும்பகுதி பிஓஇ, சிஎஸ்ஓடி, ஹெச்கேசி போன்ற சீன ஆலைகளிலிருந்து வருகிறது. இதில் தவறு எதுவும் இல்லை. சட்டமும் வாங்குபவரைக் கைவிடவில்லை. வேறொருவர் செய்த பொருளின் மேல் தன் முத்திரையைப் பதிப்பவரும் தயாரிப்பாளரே என்று பிரிவு 2(36) சொல்கிறது. ஆகவே பிராண்டைப் பார்க்க வேண்டியது வேறு காரணத்துக்காக: உங்கள் பகுதியில் அதற்குச் சர்வீஸ் இருக்கிறதா, பேனலுக்கு எத்தனை வருட வாரண்டி, அந்த வாரண்டி எதையெல்லாம் விலக்குகிறது.

மற்றபடி திரையின் வகையை உங்கள் வீடுதான் தீர்மானிக்க வேண்டும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கும் வீட்டுக்கு ஓஎல்இடியைப் போல வேறொன்று இல்லை, அதை நான் மனப்பூர்வமாகச் சொல்வேன். பகலெல்லாம் செய்தியும் ஸ்கோர் பட்டையும் ஓடும் வீட்டுக்கு எல்சிடி வகைதான். அதிலும் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகைப் பேனல் உண்டு. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் கறுப்பு சற்றுச் சாம்பலாகும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. அம்மாவின் கட்டில் டிவிக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. பெரியவர் தப்கீர் கல்லியில் கடை கடையாக ஏறி, நேராக நின்று பார்க்காமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்து, ஐபிஎஸ் பேனல் உள்ள 50 அங்குல எல்இடி ஒன்றை எடுத்தார்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பலர் வாங்கக் கிளம்பியிருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் டிவி தினம் எத்தனை மணி நேரம் ஓடும், என்ன ஓடும், யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதைக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். திரையின் வகையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், வாரண்டி விலக்குகளைப் பணம் கட்டுமுன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வாங்கிய பிறகு பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள், வக்கீல் இல்லாமலும் நீங்களே புகார் தாக்கல் செய்யலாம்.